வலது ஓரத்து ஃபெல்ட்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு உஷ் சிஸ்டர் என்று பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் நைட் டூட்டி பார்க்கிறவள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், உதட்டில் விரலை வைத்து ஒரு 'உஷ்' போடுவாள். பெரிய டாக்டர்கள்கூட அதற்கு அடங்கிப் போவார்கள். சிடுமூஞ்சி என்று அவளை யாரும் சொல்லமாட்டார்கள். சத்தம் என்றால் ஆகாது, அவ்வளவுதான். மெஷின்கள் ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் நிற்கிறவளுக்கு, வீட்டுக்கு வந்தால் காதைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் படுக்கலாமா என்றிருக்கும். காலையில் வந்து குளித்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாளானால் மதியம் தாண்டித்தான் எழுந்திருப்பாள்.

அப்படிப்பட்டவள் வீட்டில்தான் ஒரு பியானோ வந்து வாய்த்தது. அதற்குப் பின்னால், அதை வாசிக்கப் பழகுகிற ஒரு மாமனாரும் வந்து சேர்ந்தார்.

பியானோ வாடகை வீட்டோடு வந்தது. சுவரோடு சுவராக நிற்கிற உயரமான ரகம். வீட்டுக்கார அம்மாவின் மகள் சின்ன வயதில் வாசித்ததாம். "விக்கவும் மனசு வரலை, எங்க வீட்ல வைக்கவும் இடமில்லை. அது பாட்டுக்கு நிக்கட்டும். மேல பூந்தொட்டி மட்டும் வச்சுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சிஸ்டரும் அவள் கணவனும் அதன்மேல் சாவிக்கொத்து வைத்தார்கள், குடை வைத்தார்கள், பூந்தொட்டி மட்டும் வைக்கவில்லை.

கணவனுக்குக் கப்பலில் எஞ்சின் வேலை. கிளம்பினால் மாதக்கணக்கில் கடல்தான். இந்தத் தடவை புறப்படும்போது, "அப்பா அங்க தனியா இருக்கார், நீ இங்க தனியா இருக்கே. நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா எனக்கு நிம்மதி," என்று சொல்லி, ஊரின் இன்னொரு கோடியிலிருந்த அப்பாவை ஒரு பெட்டியோடு கூட்டிவந்து விட்டுவிட்டுப் போனான்.

மாமனார் டவுன் பஸ் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆள் பார்க்கக் கதவு நிறைய இருப்பார். நடந்தால் பூனை மாதிரி. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். மருமகள் தூங்கும்போது குழாயைக்கூட நூல் மாதிரித்தான் திறப்பார். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேசத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. "பால் வந்தாச்சும்மா," என்பார். "சரிங்க மாமா," என்பாள். "மழை வரும்போல." "ஆமாங்க மாமா." பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிறவர்கள்கூட இதைவிடக் கூடுதலாகப் பேசுவார்கள். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு மரியாதை கொஞ்சம் அளவுக்கு மீறிப் போய்விட்டது.

வந்த கொஞ்ச நாளிலேயே அவர் எதிர்வீட்டுப் பியானோ டீச்சரைப் போய்ப் பார்த்திருக்கிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றவரிடம், "பேரனுக்கா, பேத்திக்கா?" என்று டீச்சர் கேட்க, "எனக்குத்தாங்க," என்றிருக்கிறார். டீச்சர் சிரிக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து பியானோவைத் திறந்து பார்த்து, ட்யூனரை வரவழைத்துச் சுருதி சேர்க்கச் சொல்லி, வகுப்பை ஆரம்பித்துவிட்டார்.

இதைக் கேட்டதும், பகல் தூக்கம் போச்சு என்றுதான் சிஸ்டருக்குத் தோன்றியது. அதை முகத்தில் காட்டாமல், "நல்லதுங்க மாமா," என்றாள். அவளுடைய நல்ல காலம், டீச்சருக்கு விஷயம் புரிந்திருந்தது. பியானோவின் அடியில் இருந்த மூன்று பெடல்களில் நடுவில் இருப்பதைக் காட்டினார். "இதை மிதிச்சு, அப்படியே இடது பக்கமா தள்ளி மாட்டிடணும். உள்ளே சுத்தியலுக்கும் தந்திக்கும் நடுவுல ஒரு ஃபெல்ட் பட்டை, தடிச்ச கம்பளித் துணிதான், திரை மாதிரி இறங்கும். சுத்தியல் அதுமேல பட்டுத்தான் தந்தியைத் தொடும். நீங்க எவ்வளவு அடிச்சாலும் பக்கத்து ரூமுக்குக்கூடத் தொந்தரவு இருக்காது."

சொன்னபடியே ஆயிற்று. தூங்குகிறவளுக்குக் கதவின் அந்தப் பக்கம் யாரோ தலையணையைத் தட்டிப் போடுவது மாதிரிதான் கேட்டது. கேட்கிறதா இல்லையா என்று யோசிப்பதற்குள் தூங்கிப் போய்விடுவாள். தினமும் காலையில் அவள் படுக்கப் போனதும், அவர் பெடலை மாட்டிக்கொண்டு உட்காருவார். மதியம் வரை எழுந்திருக்கமாட்டார். இந்த வயதில் இப்படி ஒரு வெறியா என்று அவளுக்கு ஆச்சரியம்தான். கேட்கவில்லை.

ஒரு நாள் அந்தத் தட்டல்களுக்கு நடுவே ஊசி குத்தியதுபோல ஒரு சத்தம் கேட்டு அவள் திடுக்கிட்டு எழுந்தாள். வார்டு மெஷின்தான் கத்துகிறது என்று கட்டிலை விட்டுக் கீழே காலை வைத்துவிட்டாள். மறுபடியும் ஒன்று. அடுத்தது இன்னும் கூர்மையாக. தலை கலைந்து கிடக்க வெளியே வந்தால், மாமனார் பியானோ முன்னால் கையும் களவுமாகப் பிடிபட்டவர் மாதிரி எழுந்து நிற்கிறார்.

"மன்னிச்சுக்கம்மா. பெடலை மாட்டித்தான் வச்சிருக்கேன். வலது பக்கம் மட்டும் என்னமோ ஆயிடுச்சு."

"பரவாயில்லை மாமா. தூக்கம் போனா போகுது."

அவள் சொன்னது சமாதானத்துக்கு. அவருக்கு அது பழியாகப் பட்டுவிட்டது. மறுநாள் ஒரு துண்டை மடித்து உள்ளே திணித்துப் பார்த்தார். விரல் வைத்து அழுத்துகிற கட்டைகள் பாதி அப்படியே சிக்கிக்கொண்டன. துண்டை வெளியே எடுக்கவே ஒரு மணிநேரம் ஆயிற்று. அதற்கப்புறம் பியானோ பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பலகைமேல் அழுத்திக்கொண்டே இருப்பார். அவள் வந்தால் கையை மடியில் இறக்கிக்கொள்வார். வகுப்பையும் நிறுத்திவிட்டார் என்று டீச்சர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. முகமே சுண்டிப்போய்விட்டது மனுஷனுக்கு. ஒரு பொழுதுபோக்குக்காக ஒருத்தர் இவ்வளவு இடிந்து போவாரா என்று அவளுக்கு உறுத்தியது.

ட்யூனருக்கு அவளே போன் போட்டாள்.

"அடுத்த மாசம்தான் அந்தப் பக்கம் வருவேன்," என்றார் ட்யூனர். "ஆனா இது ஒண்ணும் பெரிய வேலை இல்லை, நீங்களே பண்ணிடலாம். ஃபெல்ட்டைத் தாங்குற சட்டத்துக்கு ரெண்டு கோடியிலயும் ஒவ்வொரு நட்டு இருக்கும், காது வச்ச மாதிரி. கையாலயே திருகலாம். வலது பக்கத்து நட்டு தளர்ந்து சட்டம் மேல ஏறியிருக்கும். ஃபெல்ட் எட்டாத இடத்துல சுத்தியல் நேரா தந்தியில அடிக்கும். அதான் உங்க தூக்கத்தைக் கெடுக்குது."

"கீழ இறக்கி முறுக்கிட்டா சரியா?"

"ரொம்ப இறக்கிட்டா சுத்தியல் போய் இரும்புச் சட்டத்துல இடிக்கும். அதுவும் இல்லாம, பெடலை எடுத்த அப்புறமும் ஃபெல்ட் பாதி வழியில தொங்கிக்கிட்டே இருக்கும். ஃபெல்ட்டோட கீழ் ஓரத்துக்கு ஒரு விரல்கடை மேல சுத்தியல் படணும், அதான் கணக்கு. ஒரு ஆள் வாசிக்கணும், ஒரு ஆள் உள்ள பார்க்கணும். தனியா பண்ணாதீங்க. வாசிக்கிறவருக்கு உள்ள நடக்கிறது தெரியாது."

அவளுக்கு டூட்டி இல்லாத நாள் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும், "வாங்க மாமா, இன்னைக்கு இதை ஒரு கை பார்த்துடலாம்," என்றாள்.

அவர் தயங்கினார். "உனக்கு எதுக்கும்மா சிரமம். ட்யூனர் வரட்டுமே."

"அவர் வர்றதுக்குள்ள நீங்க மேஜையைத் தட்டித் தட்டிப் பள்ளமாக்கிடுவீங்க."

அவர் அசடு வழியச் சிரித்தார். மருமகள் தன்னைக் கேலி செய்து அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

குடையையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டு மேல் மூடியைத் திறந்தார்கள். உள்ளே இரண்டு பக்கமும் மரத்தால் செய்த தாழ்ப்பாள். அதைத் திருப்பியதும் முன்பலகை மொத்தமாகக் கழன்று கையோடு வந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிச் சோபாவில் சாய்த்துவைத்தார்கள். சிஸ்டர் தன் யூனிஃபார்ம் பையிலிருந்து, நோயாளியின் கண்ணைப் பார்க்க வைத்திருக்கும் பேனா டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள். தூசிக்கு நடுவே ஒரு கொண்டை ஊசி, பாதிப் பென்சில், யாரோ குழந்தை ஒட்டிவைத்த நட்சத்திர ஸ்டிக்கர்கள். அதற்கெல்லாம் மேலே சுத்தியல்கள், அசெம்பிளியில் நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி, வரிசை பிசகாமல்.

"எஞ்சின் பானெட்டைத் திறந்த மாதிரியே இருக்கு," என்றார் அவர். அவர் குரலில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது.

பெடலை மிதித்து மாட்டினார். பச்சை நிற ஃபெல்ட் இடது பக்கம் பதமாக இறங்கியது. வலது பக்கம் நடுவழியில் நின்றுவிட்டது. பள்ளிக்கூட நாடகத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்து மானத்தை வாங்கும் திரை மாதிரி. காது வைத்த நட்டு வலது ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் சட்டத்தைக் கீழே அழுத்திப் பிடித்து நட்டை முறுக்கினாள்.

"இப்ப அழுத்துங்க மாமா."

டொக் என்றது. சுத்தியல் சட்டத்தில் போய் இடித்தது. கொஞ்சம் தளர்த்தினாள். இப்போது மெத்தென்று கேட்டது. ஆனால் பெடலை எடுத்தும் ஃபெல்ட் முழுதாக மேலே போகாமல் சுத்தியல்களின் தலையை உரசிக்கொண்டு நின்றது. மறுபடி தளர்த்தினாள். மறுபடி இறக்கினாள். முடி அளவு திருகினால் போதும், அந்தப் பக்கம் எல்லாம் மாறிவிடுகிறது. நெற்றியில் வியர்வை வந்துவிட்டது அவளுக்கு. அவர் முன்னால் உட்கார்ந்து, "பார்த்தும்மா, விரல் மாட்டிக்கப்போகுது," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகச் சட்டம் சரியான உயரத்துக்கு வந்த மாதிரி இருந்தது. "வரிசையா ஒவ்வொரு கட்டையா வாசிச்சுக்கிட்டே வாங்க. எல்லாச் சுத்தியலும் ஒரே இடத்துல படுதான்னு நான் பார்க்கிறேன்," என்றாள்.

டீச்சர் சொல்லிக்கொடுத்த ஒழுங்குப்படி அவர் வலது கையை வைத்தார். ஒற்றை விரலால் குத்தக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று ஐந்து ஐந்தாக ஏறினார்.

அவள் டார்ச் வெளிச்சத்தில் கண்கொட்டாமல் பார்த்தாள். மூன்று சுத்தியல் துள்ளிப் போய் ஃபெல்ட்டில் பட்டன. நாலாவது தட்டுத்தடுமாறிப் போய்த் தொட்டது. ஐந்தாவது பாதி தூரம் எழும்பிவிட்டு, மனசு மாறினதுபோலத் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த இடத்தில் ஃபெல்ட் வழிமறிக்கிறது என்று நினைத்து நட்டை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். "அடுத்தது வாங்க."

அடுத்த ஐந்திலும் அதே கதை. மூன்று சரி, நாலாவது தள்ளாட்டம், ஐந்தாவது இல்லை. அவள் நட்டிலிருந்து கையை எடுத்தாள். இது என்ன, ஐந்துக்கு ஐந்து பழுதாகிற பியானோ?

"மாமா, கொஞ்சம் முன்னால இருந்து ஆரம்பிங்க. முதல்ல சுத்தியல் எட்டாம போன கட்டையில உங்க கட்டைவிரல் வர்ற மாதிரி."

அவர் கையை நகர்த்தி வைத்தார். சற்று முன்பு எழும்ப மறுத்த அதே சுத்தியல் இப்போது அம்பு மாதிரி பாய்ந்தது. அந்த வரிசையின் கடைசி இரண்டும் தள்ளாடின.

சுத்தியலுக்குத் தன்னை அழுத்துகிற விரல் எது என்று தெரியாது. அவள் டார்ச்சை அணைத்தாள்.

"சுண்டுவிரல்ல இன்னொரு தடவை அழுத்துங்க மாமா."

அவர் அழுத்தவில்லை. "கை ஈரமா இருக்கும்மா. துடைச்சுட்டு வரேன்," என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க."

வார்டில் பெரிய டாக்டர்களை அடக்குகிற அதே குரல். அவர் உட்கார்ந்துவிட்டார். அவள் பியானோவின் ஓரத்திலிருந்து வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பெரிய வலது கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் அந்தக் கையை அவள் பார்த்ததே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, மற்றக் கையில் திரண்டிருந்த சதை, இந்தக் கையில் வற்றிக் குழி விழுந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிர விரலும் லேசாக மடங்கியே இருந்தன. முன்பின் தெரியாத நோயாளியின் நகம் நீலம் பாரித்தால் கட்டிலின் கால்மாட்டிலிருந்தே கண்டுபிடிக்கிறவள் அவள். அவர் டீக்கோப்பையை இடது கையில் எடுப்பதை எத்தனை நாள் காலையில் பார்த்திருக்கிறாள். அவர் வழக்கம் அப்படி என்று விட்டுவிட்டாள்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"ஸ்டியரிங்கை விட்டு இறங்கினப்பவே லேசா மரத்துப் போகும். இங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்துதான் பிடிமானம் போச்சு." அவர் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க அண்ணனுக்கும் இப்படித்தாம்மா கையில ஆரம்பிச்சது. முதல்ல சட்டைப் பட்டன் போட வரலை. அப்புறம் கால். அப்புறம் பேச்சு. படுத்தவர் எந்திரிக்கவே இல்லை. அண்ணிதான் எல்லாம் பார்த்தாங்க, அவங்க ஆயுசும் அதோட கரைஞ்சு போச்சு. நமக்கும் அது வந்துடுச்சுன்னு வச்சுக்க, அவன் கடல்ல இருக்கான், நீ ராத்திரி பூரா அடுத்தவங்களுக்குப் பார்த்துட்டு வர்றே. பகல்ல எனக்கும் பார்க்கணுமா?"

"அதுக்குத்தான் பியானோவா?"

"விரலுக்கு வேலை கொடுத்தா சரியாயிடும்னு ஒரு நினைப்பு. எதிர்வீட்ல பிள்ளைங்க அஞ்சு விரலையும் படபடன்னு ஓட்டுறதைப் பார்த்தேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அந்த ஃபெல்ட் எனக்கு ரொம்ப வசதியா இருந்ததும்மா. அதைப் போட்டுட்டா எல்லாமே தொத் தொத்துனுதான் கேக்கும். எந்த விரல் அழுத்துது, எது ஏமாத்துதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது. நல்லா வாசிக்கிறோம்னு நினைச்சுக்கலாம். அன்னைக்கு அது வேலை செய்யாம போச்சு பாரு, அப்பத்தான் காதால கேட்டேன். பாட்டுல பாதியைக் காணோம்."

அவள் எழுந்துபோய், பியானோவுக்குள் கிடந்த பாதிப் பென்சிலை எடுத்துவந்தாள். கண்ணை மூடச் சொல்லி அதன் முனையால் விரல்களைத் தொட்டாள். சுண்டுவிரல் மரத்திருந்தது. மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதி மரத்திருந்தது. மறுபாதிக்கு நன்றாகத் தெரிந்தது. அவளுக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. இருந்தாலும் விடவில்லை.

"சிரிங்க மாமா."

"இப்பவா?"

"பல்லு தெரியச் சிரிங்க."

சிரித்தார். வாய் கோணவில்லை. நடக்கச் சொன்னாள், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள், இடது கையால் தன் கையை இறுக்கச் சொன்னாள். எல்லாம் திடமாக இருந்தது.

"உங்க அண்ணனுக்கு வந்தது மாதிரி எனக்குத் தெரியலை," என்றாள். "ஒரு விரல்ல பாதி மட்டும் மரத்துப் போறதுன்னா, அது வேற எங்கயோ நரம்பு மாட்டிக்கிட்டு இருக்கலாம். ஆனா நான் டாக்டர் இல்லை. நாளைக்கே போய்க் காட்டுறோம்."

"அவன்கிட்ட சொல்லாதேம்மா."

"சொல்லுவேன். டாக்டர் பார்த்த அப்புறம் சொல்லுவேன். நீங்களும் கூட இருந்துதான் சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். திறந்து கிடந்த பியானோவைப் பார்த்தார். "அந்த நட்டை முடிச்சுடும்மா. பாதியில விட்டா எனக்கு மனசு ஒட்டாது," என்றார். இடது கையை வலது பக்கத்துக்குக் கொண்டுவந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனார். அவள் டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு நட்டைத் திருகினாள். கடைசிச் சுத்தியல் வரை ஃபெல்ட்டின் கீழ் ஓரத்துக்கு ஒரு விரல்கடை மேலே பட்டது. பெடலை எடுத்ததும் ஃபெல்ட் முழுதாக மேலே ஏறி வழிவிட்டது. முன்பலகையைத் தூக்கி மாட்டும்போது, "கனம் உன் பக்கம் வராம பார்த்துக்க," என்றார். அதே சமயம் அவளும் அதையேதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நரம்பு டாக்டர் மாமனாரின் முழங்கையில், உள்பக்க எலும்புக்குப் பின்னால், ஒரு சின்ன ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினார். அவர் 'ஆ' என்று கையை இழுத்துக்கொண்டார். சுண்டுவிரல் வரை கரண்ட் அடித்ததுபோல இருந்ததாம்.

"என்ன வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர் அம்மா.

"பஸ் டிரைவர்."

"ஜன்னல் விளிம்புல முழங்கையை ஊனிக்கிட்டுத்தானே ஓட்டுவீங்க?"

"எல்லாரும் அப்படித்தாங்க ஓட்டுவோம்."

"அங்கதான் நரம்பு நசுங்கியிருக்கு." டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். கைக்கு வருகிற நரம்பு முழங்கையில் ஒரு சந்துக்குள் புகுந்து போகிறது. அந்தச் சந்து இறுகிவிட்டது. மூளைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனையும் அதையே சொன்னது. சின்ன ஆபரேஷன் போதும், நரம்புக்கு இடம் விட்டுக் கொடுத்துவிடலாம். "முழுசா பழைய மாதிரி ஆகும்னு வாக்குக் கொடுக்கமாட்டேன். சதை கொஞ்சம் வத்திப்போச்சு. ஆனா நல்லா முன்னேறும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

வெளியே வராந்தாவில் வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். கதவு நிறைய நிற்கிற மனுஷன் அப்படிக் குலுங்கி அழுவதைப் போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். கெட்ட சேதி என்று நினைத்து ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சிஸ்டர் அதை வாங்கி மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முடியட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள்.

அன்று சாயங்காலம் கப்பலுக்குப் போன் கிடைத்தது. அப்பாவே சொல்லத் தொடங்கினார்; பாதியிலேயே மகன், "இத்தனை நாள் ஏம்ப்பா சொல்லலை," என்று குரலை உயர்த்தினான். சிஸ்டர் போனை வாங்கிக்கொண்டாள். "கத்தாதீங்க. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, லீவு போட்டாச்சு, நான் இருக்கேன். நீங்க உங்க எஞ்சினைப் பாருங்க," என்றாள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் இடது கைக்கு மட்டுமான பாடங்களை டீச்சர் எழுதிக் கொடுத்தார். கட்டுப் பிரித்துத் தையல் எடுத்துவிட்டுத் திரும்பும்போது, பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. "தம்பி, முழங்கையை ஜன்னல்ல ஊனாதீங்க. நரம்பு நசுங்கிடும்," என்றார். அந்த டிரைவர் கண்ணாடியில் ஒரு முறை முறைத்தான். இவர் சட்டைக் கையை மடக்கித் தையல் போட்ட தழும்பைக் காட்டியதும், பேசாமல் கையை உள்ளே எடுத்துக்கொண்டான்.

விரல்கள் அவசரப்படவில்லை. முதல் சில வாரம் ஒன்றுமே தெரியவில்லை. அவருக்கு மறுபடி முகம் சுண்டத் தொடங்கியது. அப்போதுதான் சிஸ்டர் ஒரு ஏற்பாடு செய்தாள். "காலையில நான் தூங்குறப்ப ஃபெல்ட்டைப் போட்டு வாசிங்க. சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்புறதுக்கு முன்னால ஃபெல்ட்டை எடுத்துட்டு வாசிக்கணும். நான் கேக்கணும். எந்த விரல் எந்த அளவுல இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

"உனக்குச் சத்தம் ஆகாதேம்மா."

"இது சத்தம் இல்லை மாமா, செக்கப்."

அப்படியே ஆயிற்று. அவள் தலை பின்னிக்கொண்டே, டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டே கேட்பாள். "மோதிர விரல் இன்னைக்குத் தேவலை." "சுண்டுவிரல் எங்க போச்சு, லீவா?" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள். அவரும் அங்கிருந்தே பதில் சொல்வார். மோதிர விரல் முதலில் திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள், அவள் ஷூ போட்டுக்கொண்டிருக்கையில், வரிசையின் கடைசியில் எப்போதும் விழும் ஓட்டைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சுரம் கேட்டது. தண்ணீர் சொட்டியது போல. அவர் மறுபடி அழுத்தினார். வந்தது. மூன்றாம் தடவை வரவில்லை. நாலாம் தடவை வந்தது. அவள் ஒற்றை ஷூவோடு ஹாலுக்கு வந்து நின்றாள். அன்றைக்கு டூட்டிக்குத் தாமதமாகத்தான் போனாள்.

மகன் அடுத்த வாரம் வரப்போவதாகச் செய்தி வந்த அன்று, மாமனார் தன் பெட்டியைக் கட்டில் அடியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"அவன் வந்துட்டான்னா நான் கிளம்பலாம்னு பார்க்கிறேம்மா. கை இப்ப தேவலை. அங்க வீடு பூட்டியே கிடக்கு. உங்களுக்கும் கொஞ்சம் தனியா இருந்தா மாதிரி இருக்கும்."

"அவர் வந்து ரெண்டு மாசத்துல மறுபடி போயிடுவார்."

"அப்ப வேணா வரேன்."

அவள் யூனிஃபார்மில் பாதி பொத்தான் போட்டபடி அறை வாசலில் நின்றாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "டீச்சர் வீடு இங்கதான் இருக்கு. டாக்டரும் இங்கதான் இருக்காங்க."

"அதுக்காக இருக்கணுமா?"

"இல்லைங்க மாமா. எனக்காக இருங்க. காலையில நான் வீட்டுக்கு வரும்போது ஒரு ஆள் இருக்கிறது எனக்குப் பிடிச்சிருக்கு."

அவர் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார். மடித்ததையே இன்னொரு தடவை மடித்தார். பிறகு பெட்டியைக் காலால் மெல்லத் தள்ளிக் கட்டிலுக்கு அடியில் விட்டார்.

"டீச்சர் புதுசா ஒண்ணு குடுத்திருக்காங்க," என்று எழுந்து ஹாலுக்கு நடந்தார். "ரெண்டு கையும் சேர்ந்து ஓடணுமாம். நாலு வரி தாண்டினா எனக்கு மூச்சு வாங்குது. கேட்டுச் சொல்லு, எங்க தப்புதுன்னு."

"எனக்கு என்ன மாமா தெரியும் பாட்டைப் பத்தி?"

"உனக்குத் தெரிஞ்சது போதும்," என்று சொல்லி, அவர் பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டார்.